‘நோர்மல்’ என்று ஒரு எக்கோ ரிப்போர்ட்: மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

போன வருடம் தம்பிக்கு இதயத்தசை தடிக்கிற நோய் என்று கொழும்பில் கண்டுபிடித்தார்கள். இது பரம்பரையில் வருவது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஈசிஜியும் எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது) எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி, டவுனில் ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். தம்பியின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அதெல்லாம் பிறகு பாப்பம். படுங்க அண்ணன்.”

மல்லாந்து படுத்தபடியே ஐந்து நிமிடம். இடப்பக்கம் சரிந்து படுக்கக்கூடச் சொல்லவில்லை. ஈசிஜியும் இல்லை. 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘நோர்மல்’ என்று எழுதித் தந்தார்கள். வந்த சந்தோஷத்தில் அன்று கணவாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்!

மூன்று மாதம் கழித்து, படுவான்கரையில் வயல் வரம்பில் யூரியா மூடையோடு நடக்கும்போது கண் இருட்டி விழுந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டொக்டர் முதலில் கேட்டதே குடும்பத்தில் யாருக்கு என்ன என்றுதான். சரிந்து படுக்கவைத்து, இதயத்தின் சுவரை ஒவ்வொரு இடமாக அளந்தார். அப்புறம், “மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நல்லா முக்குங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயமே அங்கேதான் இருந்தது. இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வழியில் அழுத்த வித்தியாசம் (பிரஷர் அளக்கிற அதே அளவில்), சும்மா படுத்திருக்கும்போது 20. முக்கினால் 64. 30 வந்தாலே அடைப்பு என்று கணக்கு. சுவர்த் தடிப்பு 17 மில்லிமீற்றர். பொதுவாக 15இலிருந்துதான் இந்த நோயென்று யோசிப்பார்களாம். எங்களைப்போல வீட்டில் ஒருவருக்கு இருந்தால் 13 போதும். இதயத்தின் கீழ் நுனி எக்கோவில் தெளிவாகத் தெரியவில்லை என்று எம்ஆர்ஐக்கும் எழுதித் தந்தார். மருந்து ஏற்றி எடுத்தால் தசையில் தழும்பு இருக்கிறதா என்றும் அதில் தெரியும்.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். என் மனைவியும் இரண்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில்தான் எக்கோ எடுத்தவ. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சுவர்த் தடிப்பு அவவுக்கும் 10, எனக்கும் 10. வரிக்கு வரி ஒன்று. வால்வு பற்றிய வரியில் ஒரு ஆங்கிலச் சொல்லில் இருந்த எழுத்துப் பிழைகூட இரண்டிலும் அப்படியே இருந்தது. பெயரும் வயதும்தான் மாற்றியிருக்கிறார்கள். அழுத்தத்தை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

ஆகவே காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: முக்கவைத்து அழுத்தம் அளப்பீர்களா, குடும்ப விபரம் ரிப்போர்ட்டில் போடுவீர்களா என்று. முகத்தைச் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள். எக்கோ சரியென்று வந்தாலும் ஈசிஜியை விடவேண்டாம். சிலருக்கு அதில்தான் முதலில் காட்டுமாம்.

நேற்று அந்த இடத்துக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பிள்ளை யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னது: “திரும்ப வாங்க அண்ணன், அரைவாசிக் காசுக்கு எடுத்துத் தாறம்.”