நாள் முழுக்க ஓடும் கேமரா கணினி: என்100 மினி பிசியோடு என் அனுபவம்

வீட்டுக் கேமராக்களைப் பதிவு செய்யும் கணினிக்கு ஓய்வே கிடையாது. வருடத்தின் 8,760 மணி நேரமும் ஓடியாக வேண்டும். அதில் கூடும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 8.8 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் 525 யூனிட் கேட்கும். 15 வாட் பெட்டிக்கு 131 போதும். நான்கு கேமராக்களை முதலில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓட்டினேன். இப்போது சில வருடங்களாக, இன்டெலின் என்100 (N100) என்ற சிக்கனமான பிராசசர் உள்ள மினி பிசி. இரண்டிலும் கேமராக்களைப் பதிவு செய்து ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் ஃபிரிகேட் மென்பொருள்தான்.

என்100 பற்றிப் பேசும்போது எல்லோரும் 6 வாட் டிடிபியை, அதாவது பிராசசருக்கு மட்டும் கம்பெனி சொல்லும் வாட் அளவைச் சொல்வார்கள். பிளக்கில் இழுக்கும் மின்சாரம் அதுவல்ல. ரேம், டிஸ்க், அடாப்டரில் வீணாவது எதுவும் அதில் சேராது. எனக்கு அதன் உண்மையான பலம் குயிக் சிங்க், வீடியோ வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் தனிப் பகுதி. வீடியோவை வந்தபடியே டிஸ்க்கில் எழுதுவது பிராசசருக்கு வேலையே இல்லை. ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கத்தான் சுருக்கி வரும் வீடியோவை விரிக்க, அதாவது டிகோட் செய்ய வேண்டும். ஃபிரிகேட்டில் ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்துப் பார்த்தேன்: கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் எழும்பியது, பிளக்கில் மாட்டிய வாட் மீட்டரும் ஏறியது. திரும்பப் போட்டதும் 10 வாட்டைச் சுற்றி வந்து நின்றது.

இன்னொன்று, கண்டறிதலுக்கு கேமரா அனுப்பும் முழுத் தர வீடியோவை (மெயின் ஸ்ட்ரீம்) கொடுக்காதீர்கள். அதே கேமரா கூடவே தரும் குறைந்த ரெசொல்யூஷன் சப் ஸ்ட்ரீம், நொடிக்கு 5 ஃபிரேம் தாராளம். ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினி மேல் கண் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எச்.264, எச்.265 என்பவை வீடியோவைச் சுருக்கும் முறைகள்; பை 4-இல் இருந்த எச்.264 ஹார்டுவேர் டிகோடர் அதில் இல்லை, எச்.265-க்கு மட்டும்தான் உண்டு. பல கேமராக்களின் சப் ஸ்ட்ரீமோ எச்.264. ஆளை அடையாளம் காணும் கணக்குக்கென்றே உள்ள கோரல் டிபியு என்ற தனி சிப் 2 வாட் அளவில் நல்ல வேலை செய்யும் பொருள்தான். ஆனால் நான்கு கேமராவுக்கு என்100-இன் கிராபிக்ஸே இன்டெலின் ஓபன்வினோ மென்பொருளில் அந்த வேலையைச் சமாளிக்கிறது, நான் வாங்கவில்லை.

டிஸ்க் விஷயத்தில்தான் அதிகம் யோசித்தேன். சுற்றிக்கொண்டே இருக்கும் 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் தனியாக 4 முதல் 6 வாட் வரை எடுக்கும். இவ்வளவு சிக்கனமான கணினியில் அது சின்ன எண் இல்லை. கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் நான்குக்கும் நாளைக்கு 173 ஜிபி, வருடத்துக்கு 63 டெராபைட். 600 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்பது வருடம் தாங்கும் கணக்கு. எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு இங்கே பெரிய காரணமில்லை, இடம் போதாது என்பதே சிக்கல். மூன்று நாள் முழுப் பதிவு, அதற்கு முந்தையதில் ஆள் வந்த பகுதிகள் மட்டும் என்று வைத்திருக்கிறேன். ஒரு மாதம் முழுசாக வேண்டும் என்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கின் வாட்டை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

டெஸ்க்டாப்பிலேயே சிக்கனம் பிடிக்க நினைத்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் சான்றுக்கான சோதனை பெரும்பாலும் 20 சதவீத லோடில்தான் தொடங்குகிறது. 500 வாட் சப்ளையில் 20 வாட் ஓட்டினால் அது வெறும் 4 சதவீதம். அங்கே அதன் திறன் நன்றாகவே இறங்கிவிடும்.

இத்தனை நாளில் பழுதானது ஒன்றுதான், பெட்டியோடு வந்த அடாப்டர். அதே வோல்ட்டேஜ், அதே ஆம்பியரில் வேறொன்று போட்டேன். மினி பிசி வாங்கியதும், மின்சாரம் வந்தால் தானாக ஆன் ஆகும்படி பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மாற்றிவிடுங்கள்.

இப்போது என் அமைப்பில் அதிகம் இழுப்பது கணினி இல்லை, கேமராக்களும், நெட்வொர்க் கேபிள் வழியே அவற்றுக்கு மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்சும்தான். இரவில் கேமராவின் ஐஆர் (இன்ஃப்ராரெட்) விளக்குகள் எரியும்போது மீட்டர் இன்னும் ஏறும். அதனால் யுபிஎஸ் வாங்கும்போது இரவு நேர வாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் சுவிட்சையும் யுபிஎஸ்ஸிலேயே மாட்டுங்கள். மின்சாரம் போன நேரத்தில் கணினி மட்டும் ஓடினால் பதிவு செய்ய வீடியோவே வராது.