ஏ பிளஸ் படித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது: எதற்குக் கொடுத்த காசு வீண்?

கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கணினிக் கோளாறுகளைத் தீர்த்துவைக்கும் ஹெல்ப்டெஸ்க் வேலைக்கு மாறலாம் என்று, அதற்கான அடிப்படைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸை 2025 ஜனவரியில் படிக்க ஆரம்பித்தேன். ஷிப்ட் வேலையில் இருந்துகொண்டு வகுப்புக்குப் போக முடியாது. நேரம் கிடைக்கும்போது படிக்கிற மாதிரி ஓர் ஆன்லைன் பாடத்துக்குச் சந்தா கட்டினேன், மாதம் 39 வெள்ளி. சிங்கப்பூர் அரசு படிப்புச் செலவுக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான் அது செல்லும் என்பதைக் காசு கட்டிய பிறகுதான் படித்துப் பார்த்தேன். என் தப்பு, தளத்தின் மேல் பழி போட முடியாது.

செங்காங்கில் எம்ஆர்டி ரயில் ஏறினால் ஹார்பர்ஃபிரன்ட் வரைக்கும் வீடியோதான். உட்கார இடம் கிடைத்தால் நோட்டில் குறிப்பு. பாடம் எவ்வளவு முடிந்தது என்று தளத்தில் காட்டும் பச்சைக் கோடு இரண்டே மாதத்தில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். நூற்றுக்கு 52.

எங்கே போனது அந்த 80? உதாரணத்துக்கு லேசர் பிரிண்டரைச் சொல்கிறேன். புராசஸிங், சார்ஜிங், எக்ஸ்போசிங், டெவலப்பிங், டிரான்ஸ்ஃபரிங், ஃபியூசிங், கிளீனிங் என்று ஏழு கட்டத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தேர்வில் அப்படிக் கேட்பதில்லை. 'அச்சான தாளை விரலால் தேய்த்தால் எழுத்து கலைகிறது, எதைப் பார்ப்பாய்?' என்று கேட்கிறது. டோனர் தூளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளோடு ஒட்டவைப்பது ஃபியூசர். அது சரியாகச் சூடாகாவிட்டால் தூள் தாளின் மேல் சும்மா கிடக்கும். வீடியோவில் இதையும் சொல்லித்தான் இருந்தார்கள். நான் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

அதற்குள் இன்னொரு இடி. ஏ பிளஸ் என்பது கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வு. நான் படித்தது 1101, 1102 என்ற எண் கொண்ட வரிசை. 2025 மார்ச்சில் புதிய வரிசையாக 1201, 1202 வந்துவிட்டது. பழைய வரிசைக்கு செப்டம்பர் 25-தான் கடைசி. இரண்டையும் கலந்து எழுத முடியாது, பழையதில் ஒன்று புதியதில் ஒன்று என்றால் சான்றிதழ் கிடையாது. சந்தா வாங்கிக்கொண்டிருந்த தளம் இதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. தேர்வுக்குப் பதியும் பக்கத்தில்தான் தெரிந்தது. கேட்டு எழுதினால் 'விரைவில் புதுப்பிப்போம்' என்று பதில். மே மாதம் புது வீடியோக்களைப் பழையவற்றுக்கு நடுவே செருகிவைத்தார்கள். எது எந்த வரிசைக்கு என்ற குறிப்பே இல்லை. சந்தாவை நிறுத்தினேன். நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே ஒரு தனித் தேர்வு வைக்கலாம்.

பிறகு நடந்ததுதான் உண்மையான படிப்பு. பாடத்துக்கு யூடியூபில் புரொபசர் மெஸ்ஸரின் வீடியோக்கள். காசே இல்லை, வரிசை எண்ணும் தெளிவாக இருக்கும். காசை மாதிரிக் கேள்விகளுக்குப் போட்டேன். தவறான மூன்று விடைகளும் ஏன் தவறு என்று விளக்குகிற தொகுப்பாகப் பார்த்து வாங்கினேன். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் எடுத்து, ரேமைக் கழற்றி மாட்டுவது, விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போடுவது என்று சாப்பாட்டு மேசையை நாசம் செய்தேன். டெலிகிராமில் 'ஒரிஜினல் கேள்விகள்' விற்பவர்களும் வந்தார்கள். பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். பிடிபடாவிட்டால் வேலையில் முழிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது தேதிதான். ஜூனில் கோர் 1-க்குக் காசு கட்டித் தேதி குறித்த அன்றிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்குக்கூடப் புத்தகம் திறந்தது.

90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. தொடக்கத்திலேயே செய்து காட்டச் சொல்லும் கேள்விகள் வந்து நின்றன; முதல் ஒன்றிலேயே 15 நிமிடம் போய்விட்டது. குறித்துவைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்திருக்கலாம். 900-க்கு 675 வேண்டும், 691 வந்தது. கோர் 2-க்கு 700; செப்டம்பர் முதல் வாரம் எழுதி, கொஞ்சம் மூச்சுவிடும்படி தாண்டினேன்.

நவம்பரிலிருந்து ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். மனப்பாடம் செய்த போர்ட் எண்களில் பாதி மறந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வாரமே ஓர் அக்கா போன் செய்து நெட் வரவில்லை என்றார். கணினியின் நெட் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைப் போடச் சொன்னேன். 'நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நாலு' என்று படித்தார். நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 'மேசைக்குக் கீழே நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகிற கேபிளைப் பாருங்கள் அக்கா' என்றேன். துப்புரவு செய்தவர்களின் கால் பட்டுக் கழன்றிருந்தது.

இப்போது மச்சினன் படிக்க ஆரம்பித்திருக்கிறார், 1201 வரிசை. எந்தத் தளத்துக்குச் சந்தா கட்டலாம் என்று கோப்பிக்கடையில் கேட்டார். இப்போதைக்கு எதற்கும் வேண்டாம் என்று சொல்லி என் நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, லேசர் பிரிண்டர் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.