ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை?

உட்காருவது, அசைவது, மற்றவர் அசைவதைப் பார்ப்பது. தியானத்தோடு சேர்ந்த கூட்டு நடனப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இந்த மூன்றுதான் சரக்கு. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். ஐந்தாறு பேர் வாரம் ஒருநாள் கூடிப் பயில வேண்டும், அப்புறம் நாலு பேர் முன்னால் ஆடவும் வேண்டும் என்றால் எதை எடுப்பது? நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பேன்: ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முறை என்ன வேலை கொடுக்கிறது?

எங்கள் வாராந்திரப் பயிற்சிக்கு அடிப்படை, பார்பரா டில்லி உருவாக்கிய கன்டெம்ப்ளேட்டிவ் டான்ஸ் பிராக்டிஸ், அதாவது தியான நடனப் பயிற்சி. டில்லி 1960-களில் அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் ஆடியவர். 1970 முதல் 1976 வரை இயங்கிய கிராண்ட் யூனியன் குழுவிலும் இருந்தார். என்ன ஆடப்போகிறோம் என்பதை மேடையேறிய பிறகே முடிவு செய்தவர்கள் அவர்கள். பிறகு, திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யம் துருங்பா 1974-இல் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கிய நரோபா கல்வி நிறுவனத்தில் கற்பித்தார். இந்த இரண்டு வாழ்க்கையின் தடமும் பயிற்சியில் இருக்கிறது. முதல் மணி அடித்ததும் தியானம். அடுத்த மணி அடித்ததும் அவரவர் உடம்பை அவரவர் கவனிக்கும் நேரம்: படுக்கலாம், நடக்கலாம், சோம்பல் முறிக்கலாம். மூன்றாவது மணி அடித்ததும் எல்லோரும் ஓரங்களுக்குப் போய் உட்கார, நடுவில் தரை காலியாகிறது. இதற்குத் ‘திறந்த வெளி’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுந்து உள்ளே போகலாம், திரும்பி வந்து உட்காரலாம். யாருமே போகாமல் நேரம் முடிந்துபோனாலும் தப்பில்லை.

அந்தக் காலித் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இதன் உயிர் இருக்கிறது. எழ வேண்டும் என்ற நினைப்பு முதலில் முழங்காலில் வரும். எதிரே ஒருத்தி தரையில் கையை ஊன்றுவாள். ‘சரி, அவள் போகட்டும்’ என்று நீங்கள் தளர்வீர்கள். அவளும் அதையே நினைத்துக் கையை எடுத்துவிடுவாள். இரண்டு பேரின் தயக்கமும் அறை முழுக்கத் தெரிந்துவிடும். அதுவும் ஆட்டம்தான். உட்கார்ந்திருப்பவர் இங்கே எந்த நேரத்திலும் ஆடுபவராகலாம் என்பதால் பார்வை சோம்பிப்போக வழியில்லை.

பார்வைக்கென்றே டில்லியிடம் ஐந்து பயிற்சிகள் உண்டு: கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பது, பக்கவாட்டில் விரித்துப் பார்ப்பது, பெயர் வைப்பதற்கு முன்னால் குழந்தை பார்க்கிற மாதிரி பார்ப்பது, பொருட்களுக்கு இடையே பார்ப்பது, நேராக உற்றுப் பார்ப்பது. நான்காவதை ஒருநாள் முழுக்கச் செய்து பாருங்கள். இரண்டு பேர் நடக்கும்போது அவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே சுருங்கி விரியும் இடத்தைக் கவனிக்கப் பழகினால், கூட்டத்தில் எங்கே போய் நிற்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது ஆதென்டிக் மூவ்மென்ட். மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ் 1950-களில் உளவியலாளர் கார்ல் யுங்கின் சிந்தனையைப் பின்பற்றித் தொடங்கியது. அவருக்குப் பின் ஜேனட் ஆட்லர் ஒழுங்குபடுத்தினார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு இழுக்கிற பக்கம் போவார். இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பார், அவர்தான் சாட்சி. அசைந்தவர் முதலில் பேசிய பிறகே சாட்சி பேசலாம். அதுவும் ‘நான் இதைப் பார்த்தேன், எனக்குள் இது நடந்தது’ என்று தன்னைப் பற்றி மட்டும். அடுத்தவர் அசைவுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. கேட்க லேசாக இருக்கும், கடைப்பிடிப்பது கஷ்டம். நான் போயிருந்த ஒரு பட்டறையில் சாட்சியாக இருந்தவர், ‘உன் முதுகில் ஒரு பெரிய துக்கம் இருந்தது’ என்று தழுதழுத்தார். ஆடிய பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வேர்வை அரித்தது, சுவரில் தேய்த்தேன்’ என்றாள்.

இருவருக்குள் நம்பிக்கை வளர இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இதை அப்படியே மேடைக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. டிக்கெட் வாங்கி வந்தவர் சாட்சியாக இருக்க ஒத்துக்கொண்டு வரவில்லை. கண்ணை மூடிய ஆளை நூறு பேர் வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒட்டுக்கேட்பது மாதிரி இருக்கிறது.

நடனக் கலைஞர் லிசா நெல்சனின் ட்யூனிங் ஸ்கோர் இதற்கு நேர் எதிர். நெல்சன் 1970-களில் வீடியோ கேமராவோடு நிறைய வேலை செய்தவர். எடிட்டிங் மேசையின் பழக்கம் இதில் பச்சையாகத் தெரியும். நடுவில் ஆட்டம் நடக்கும்போதே ‘பாஸ்’ (சற்று நில்), ‘ரிவர்ஸ்’, ‘ரிபீட்’, ‘எண்ட்’ என்று குரல் கொடுக்கலாம். ஆடுபவரும் கொடுக்கலாம், ஓரத்தில் இருப்பவரும் கொடுக்கலாம். பரதநாட்டியப் பதத்தில் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, நடனக் கலைஞர் ஒவ்வொரு முறையும் வேறு சஞ்சாரி, அதாவது வேறு அபிநய விரிவு, பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ‘ரிபீட்’டின் ருசி தெரியும். அங்கே போதும் என்பதை ஆடுபவர் குறிப்புக் காட்டுவார். இங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த அதிகாரம் உண்டு. இதில் ஆபத்தும் இருக்கிறது: வாய் கொடுக்கத் துணிந்தவர் ஒருவர் இருந்தால் அவரே டைரக்டர் ஆகிவிடுவார். எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று குரல்தான் என்று கணக்கு வைத்த பிறகுதான் நிம்மதி.

நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டனின் ‘சிறு நடனம்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சும்மா நிற்பதுதான். நின்றால், விழாமல் இருக்க உடம்பு செய்யும் குட்டிக் குட்டித் திருத்தங்கள் கணுக்காலில் தெரிய ஆரம்பிக்கும். 1972-இல் ஓபர்லின் கல்லூரியில் அவர் நடத்திய ‘மெக்னீஷியம்’ நிகழ்ச்சியில், பாயில் ஒருவர்மேல் ஒருவர் மோதி உருண்ட இளைஞர்கள் கடைசியில் இப்படித்தான் நின்றார்கள். ஒருவரையொருவர் தொட்டு, எடையைப் பகிர்ந்து, முன்திட்டமில்லாமல் ஆடும் காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன் அங்கிருந்து வளர்ந்தது. பார்ப்பவருக்கு இதில் வேலை ஏதுமில்லை. கூடவே எழுந்து நிற்கலாம். எந்தப் பயிற்சிக்கும் முன்னால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளத் தோதானது.

ஆக, வாரா வாரம் டில்லி, மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு ஆதென்டிக் மூவ்மென்ட், நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் ட்யூனிங் ஸ்கோர் என்பது எங்கள் ஏற்பாடு. முன்பே அதைத் தொடங்கினால், அசைவு முளைப்பதற்குள் வெட்டுகிற புத்தி வந்துவிடுகிறது.

நிகழ்ச்சி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வீட்டு மாடி அறை, சுவரோரம் இருபது பேர். அவர்களையும் முதல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்கிறோம். போன முறை அந்த ஐந்து நிமிடத்தில் கீழ்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. நாலாவது விசிலுக்கு எழலாம் என்று எங்கள் ஆள் ஒருவர் காத்திருந்தாராம். யாரோ அடுப்பை அணைத்துவிட்டார்கள். அவர் கடைசி வரை எழவே இல்லை.