மட்டக்களப்பிலிருந்து காற்றாலைப் பங்கு: கொழும்புப் பங்குச் சந்தை ஆப் எப்படி?

கச்சான் காற்று அடித்து இங்கே உதடு காயும் நாட்கள்தான் புத்தளம், மன்னார் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். அந்த வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. பங்குச் சந்தை 2020இல் வெளியிட்ட ஆப்பிலேயே வாங்கும் பங்குகளை உங்கள் பெயரில் வைத்திருக்கும் சி.டி.எஸ். கணக்கைத் திறந்து, தரகரையும் தெரிவுசெய்யலாம். இந்த வேலையை ஆப் நன்றாகவே செய்கிறது.

கணக்குத் திறக்கத் தேவையானவை: அடையாள அட்டைப் படம், செல்பி, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, விலாசம் மாறியிருந்தால் அதற்கு ஆதாரம். விண்ணப்பம் சிக்குகிற இடம் பெயர். அட்டையில் முழுப்பெயரும் பாஸ் புத்தகத்தில் முதலெழுத்துகளும் இருந்தாலோ, ஆங்கில எழுத்துகள் ஒத்துவராவிட்டாலோ இழுபடும். முதலில் வங்கியில் திருத்திவிடுங்கள்.

வாங்கும்போது விலையை நீங்களே குறிக்கும் 'லிமிட்' ஓடரையே போடுங்கள். கைமாற்றம் குறைந்த நாளில், கிடைக்கிற விலைக்கு வாங்கிவிடும் 'மார்க்கெட்' ஓடர் போட்டால் எட்டாத விலைக்கு இழுத்துவிடும். கட்டணம் 1.12 சதவீதம்: 50,000 ரூபாய்க்கு 560 ரூபாய். விற்கும்போதும் அதே சதவீதம் போகும். ஆக, விலை ஏறக்குறைய 2.3 சதவீதம் ஏறினால்தான் போட்ட முதல் தப்பும். பங்கிலாபம் 15 சதவீத வரி கழித்தே கைக்கு வரும்.

ஆப்பின் விலைப் பட்டியலில் தெரியாத ஒன்றுதான் இந்தப் பங்கின் உயிர்நாடி: மின்சாரத்துக்கான காசு நேரத்துக்கு வருகிறதா? காற்றாலை மின்சாரத்தை வாங்கும் கை ஒன்றுதான், அது அரசின் கை. 2022 நெருக்கடியில் மின்சார சபையின் கொடுப்பனவு மாதக்கணக்கில் தேங்கியது. கணக்கில் இலாபம் இருந்தும் கையில் காசில்லை. ஆகவே காலாண்டறிக்கையில் இலாபத்துக்கு முன் 'வியாபார வருமதிகள்' (விற்றும் இன்னும் கைக்கு வராத காசு) என்ற வரியைப் பாருங்கள். அது இரண்டு காலாண்டு விற்பனைக்குச் சமமென்றால் ஆறு மாதக் காசு வெளியே நிற்கிறது. ஒப்பிடும்போது முந்திய காலாண்டோடு வேண்டாம், போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். கச்சான் காலமும் மாரி காலமும் ஒரே காற்றல்ல.

பெயரை மட்டும் பார்த்தும் வாங்கக்கூடாது. 2021இல் சந்தைக்கு வந்த விண்ட்ஃபோர்ஸ் கம்பெனியிடம் சூரிய மின்சாரமும் சிறு நீர்மின்சாரமும் வெளிநாட்டுத் திட்டங்களும் உண்டு. மன்னாரில் 30 விசையாழிகளோடு நிற்கும் தம்பபவனி காற்றாலை மின்சார சபை கட்டியது, அதற்குப் பங்கு கிடையாது. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025இல் மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து விலகிவிட்டது.

காற்றாலை அல்லாமல், இயற்கை எரிவாயுக் களஞ்சியத்தில் பங்கு என்று யாரும் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அந்த வாயுவை மைனஸ் 162 பாகையில் குளிரவைத்து, 600இல் ஒரு பங்காகச் சுருக்கித்தான் கப்பலில் கொண்டுவர வேண்டும். அதை இறக்கிவைக்கும் முனையம் இலங்கையில் இன்னும் இயங்கவில்லை. அம்பாந்தோட்டையில் இருப்பது சமையல் காஸ் களஞ்சியம்: புரொப்பேனும் பியூட்டேனும், வேறு வியாபாரம்.