கடைப் பிராண்டா, கம்பெனிப் பிராண்டா? மாத மளிகையில் எதை மாற்றலாம்

எங்கள் வீட்டு மாத மளிகையில் பாதிக்கு மேல் இப்போது கடைப் பிராண்டுதான். சூப்பர் மார்க்கெட் தன் பெயரிலோ, தனக்கென்று வைத்துக்கொண்ட வேறு பெயரிலோ பாக்கெட் போட்டு விற்கும் சரக்கைத்தான் அப்படிச் சொல்கிறேன். டிமார்ட்டுக்கு ‘பிரீமியா’, ரிலையன்ஸ் கடைகளுக்கு ‘குட் லைஃப்’, பிக்பாஸ்கெட்டுக்கு ‘பிபி ராயல்’, அமேசானுக்கு ‘வேடகா’ என்று ஆளுக்கொன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் உள்ள டிபார்ட்மென்டல் ஸ்டோர்களும் கடுகு, சீரகம், பொட்டுக்கடலையைத் தங்கள் பெயர் அச்சிட்ட கவரில் அடைத்து அடுக்கிவைக்கின்றன. எதிர்வரிசையில் உதயம், சக்தி, ஆச்சி, அணில், நாகா, இதயம், கோல்டு வின்னர் என்று விளம்பரத்திலேயே நமக்குப் பழகிப்போன பெயர்கள். நான் கடைப் பிராண்டின் பக்கம் சாய்ந்தவன். அதை மறைக்கப் போவதில்லை. எந்தப் பொருளில் சாயலாம், எதில் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடைப் பிராண்டு மலிவு என்பது எல்லோரும் அறிந்தது. கடைக்காரருக்குத் தொலைக்காட்சி விளம்பரச் செலவு இல்லை, நடுவில் ஸ்டாக்கிஸ்ட் இல்லை, அலமாரியும் அவருடையதே. ஆனால் எவ்வளவு மலிவு என்பதை பாக்கெட்டில் உள்ள எம்.ஆர்.பி.யை வைத்து முடிவு செய்யக் கூடாது. பல கடைகளில் சொந்தப் பிராண்டுக்கு எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘எங்கள் விலை’ என்று குறைத்துப் போடுகிறார்கள். நாற்பது சதவீதம் தள்ளுபடி என்று தெரிவது, பக்கத்தில் இருக்கும் கம்பெனிப் பாக்கெட்டின் பில் விலையோடு ஒப்பிட்டால் பத்து சதவீதமாகச் சுருங்கிவிடுவதும் உண்டு.

எடையையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் பருப்பு, எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்றவற்றைக் குறிப்பிட்ட எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று எடையளவு விதி இருந்தது. 2021-ல் அறிவிக்கப்பட்ட திருத்தம் அதை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கணக்கு எம்.ஆர்.பி.யை வைத்துப் போடப்படுகிறது. பில்லில் வரும் விலைக்கு நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும். 900 கிராம் 153 ரூபாய் என்றால் கிலோ 170 ரூபாய். பக்கத்தில் ஒரு கிலோ பாக்கெட் 165 ரூபாய்க்கு இருந்தால் அதுதான் மலிவு. எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். 850 கிராம், 800 மில்லி என்று பாக்கெட் போட்டுவிட்டு, கைக்கு ஒரு லிட்டர் போலவே தோன்றச் செய்யும் வித்தையை இரு தரப்பிலும் பார்க்கலாம்.

உப்பு, சர்க்கரை, மைதா, ரவை, பொட்டுக்கடலை, வெந்தயம், குப்பைப் பை, பாத்திரம் தேய்க்கும் நார் இவற்றையெல்லாம் யோசிக்காமல் மாற்றலாம். சர்க்கரையில் கம்பெனி என்ன வித்தியாசம் காட்டிவிட முடியும்? சேமியாவை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. நான் வாங்கிய கடைப் பிராண்டுச் சேமியா, பாயசத்துக்குச் சரி, உப்புமாவுக்குக் குழைந்துவிட்டது. திண்டுக்கல் கம்பெனிகள் இத்தனை காலம் சேமியாவையே பிழைப்பாக வைத்திருப்பதற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது விலையோ தரமோகூட இல்லை. போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்குவதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான். பெரிய கம்பெனி உண்மையில் நமக்கு விற்பது இதைத்தான். கடைக்கு ஒரு பருப்பைப் பற்றிய பிடிவாதம் எதுவும் கிடையாது. எந்த ஆலை அல்லது எந்த மொத்த வியாபாரி நல்ல விலைக்குத் தருகிறாரோ அவரிடம் வாங்கி அதே கவரில் அடைக்கிறது. கவர் மாறாது, உள்ளே இருப்பது மாறிவிடும்.

இது எங்கே வலிக்கும் என்றால் உளுந்தில். துவரம் பருப்பு மாறினால் குக்கரில் இன்னொரு விசில் வைத்துச் சமாளிக்கலாம். உளுந்து மாறினால் இட்லி காட்டிக்கொடுத்துவிடும். அரைக்கும்போது மாவு பந்தாகப் பொங்கி எழுவதற்குக் காரணம் உளுந்தின் வழவழப்பு. அதுதான் காற்றைப் பிடித்துவைக்கிறது. நாள்பட்ட உளுந்தில் அந்தச் சக்தி குறைந்துவிடும். டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் வரும் புது உளுந்தும், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து கிடங்கில் காத்திருந்த உளுந்தும் தோல் நீக்கி வெள்ளையானபின் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். பாக்கெட்டில் உள்ள தேதியும் உதவாது. அது அடைத்த தேதி. அறுத்த தேதி எங்கும் அச்சிடப்படுவதில்லை. கம்பெனிப் பாக்கெட்டுக்கும் இதே கதைதான். ஆனால் உளுந்தையே முதன்மை வியாபாரமாகக் கொண்டவர், இட்லி கல்லாகிவிட்டது என்று வீட்டுக்கு வீடு முணுமுணுத்தால் தாங்க மாட்டார். பத்தாயிரம் பொருள்களில் ஒன்றாக உளுந்தை விற்கும் கடைக்கு அந்தப் பயம் குறைவு.

எங்கள் வீட்டில் இதற்கு அளவுகோல் என் மாமியார். ஒரு கடையின் உளுந்து முதல் மாதம் அருமையாக இருந்தது, “இதையே வாங்குங்கள் மாப்பிள்ளை” என்றார். சில மாதம் கழித்து அதே கவர், அதே விலை. கிரைண்டரைத் திறந்து பார்த்துவிட்டு, “மாவு ஏன் அடியிலேயே கிடக்கிறது? கடையை மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டார். கடை மாறவில்லை. பழைய பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் அதில் வேறு சாமான் போட்டுவைத்திருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அடைத்தவர் முகவரி மாறியிருந்தது.

அன்றிலிருந்து பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது விற்பவரின் பெயர். பின்னால், பொடி எழுத்தில், தயாரித்தவர் அல்லது அடைத்தவர் யார், எந்த ஊர் என்று இருக்கும். அதோடு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். கடைப் பிராண்டு என்றால் பெரும்பாலும் இரண்டு எண்கள், ஒன்று கடைக்கு, இன்னொன்று அடைத்தவருக்கு. இந்த எண்ணுக்குள் கொஞ்சம் செய்தி இருக்கிறது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற நிறுவனம், 2 என்றால் சிறிய அளவில் பதிவு மட்டும் செய்தவர். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. 12419 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் 2019-ல் உரிமம் வாங்கிய ஒருவர் என்று படித்துக்கொள்ளலாம். இதனால் உளுந்தின் தரம் தெரிந்துவிடாது. ஆனால் போன மாதத்து ஆளேதானா என்பது தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆள் மாறியிருந்தால் அரைக் கிலோ மட்டும் எடுப்பேன்.

“எல்லாம் ஒரே ஃபேக்டரிதான், கவர்தான் வேறு” என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. சில பொருள்களில் அது உண்மை. பெரிய பிராண்டுக்குப் பிஸ்கட் போட்டுக் கொடுக்கும் ஆலையே கடைக்கும் போட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆனால் அதிலிருந்து இரண்டும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. ஒரே தையல்காரர்தான் நூறு ரூபாய்த் துணியையும் தைக்கிறார், ஆயிரம் ரூபாய்த் துணியையும் தைக்கிறார். கொடுக்கும் செய்முறையும் வாங்கும் விலையும் வேறு என்றால் வரும் சரக்கும் வேறாகத்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் பிஸ்கட் பாக்கெட்டுகள் இரண்டின் உட்பொருள் வரிசையைப் பாருங்கள். எடையில் அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி என்பதால் அந்த வரிசை நிறையப் பேசும்.

கடைப் பிராண்டின் பக்கம் நான் போகாத இடங்கள் மசாலாவும் காபியும். 1975-ல் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தியின் சாம்பார் பொடிக்கு ஒரு வாசனை, ஆச்சிக்கு வேறொரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும் நாக்குகள் தமிழ்நாட்டில் ஏராளம். கடைப் பிராண்டுச் சாம்பார் பொடி பெரும்பாலும் வடக்கே எங்கோ முடிவானது போல் இருக்கிறது. மல்லி கம்மி, பட்டை வாசனை தூக்கல். தனி மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பரவாயில்லை. அவற்றிலும் மிளகாயின் வகை மாறினால் நிறமும் காரமும் மாறும் என்பதால் சிறிய பாக்கெட்டாகவே வாங்குகிறேன். வீட்டிலேயே மிளகாய், மல்லி காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கிறவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. அவர்கள் கடுகு, சீரகம், மல்லியைக் கடைப் பிராண்டில் வாங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம்.

காபித்தூளில் சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மலிவான பாக்கெட்டுகளில் அந்த எண் 51-ஐ ஒட்டியே நிற்பதைப் பார்த்தால் விலை வித்தியாசத்தின் ரகசியம் புரிந்துவிடும். ஒரே விகிதமுள்ள இரண்டை ஒப்பிட்டால்தான் அது நியாயமான ஒப்பீடு. அப்படி ஒப்பிட்ட பிறகும் எனக்குக் கும்பகோணத்துக் கடையில் கண்ணெதிரே அரைத்துத் தரும் தூள்தான் பிடிக்கிறது. அது எந்தப் பிராண்டிலும் சேராது.

எண்ணெயில் பாதிப் பாதி. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் மணமும் நிறமும் நீக்கியே வருவதால் கடைப் பிராண்டு போதும். நல்லெண்ணெயில் மணமே சரக்கு. அங்கே பழகிய பெயரை விடவில்லை.

கடைப் பிராண்டின் பெரிய சங்கடம், அது அந்தக் கடையோடு கட்டிப்போடுகிறது. ஆச்சி பாக்கெட் தெருமுனைப் பெட்டிக்கடையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் கிடைக்கும். பிரீமியா தீர்ந்தால் டிமார்ட்டுக்குத்தான் போக வேண்டும். போனால் அது ஒன்றோடு திரும்பி வருகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. பருப்பில் மிச்சம் பிடித்த இருபது ரூபாய், வழியில் கண்ணில் பட்ட நொறுக்குத் தீனியில் போய்விடும். கடையே போய்விட்டால் அதைவிடத் தொல்லை. 2022-ல் பிக் பஜார் கடைகள் மூடப்பட்டபோது அதன் சொந்தப் பெயர்களில் பழகியிருந்த வீடுகள் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

அதே கட்டுதான் ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். கடையின் சொந்த ரவையில் வண்டு இருந்தால் அந்தக் கடையிலேயே கேட்கலாம். பேர் அவர்களுடையது என்பதால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்திருக்கிறார்கள். கம்பெனிப் பாக்கெட் என்றால், “பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள் சார்” என்ற பதிலும் கிடைத்திருக்கிறது. எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். என் அனுபவம் இரண்டொரு கடைகளோடு முடிகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் மளிகைக் கடை அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். 2022 ஜூலை 18-க்கு முன்பு, பதிவு செய்த பிராண்டில் வரும் அரிசி, பருப்பு, மாவுக்குத்தான் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. அன்று முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய எல்லாவற்றுக்கும் வரி வந்துவிட்டது. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதற்கு இல்லை. ஆகவே அண்ணாச்சி கடைச் சில்லறைப் பருப்பு இன்னும் போட்டியில் இருக்கிறது. கையில் அள்ளிப் பார்க்கலாம், எண்ணெய்ப் பாலிஷ் பிசுபிசுப்பது விரலுக்குத் தெரியும், “புது உளுந்து எப்போது வரும்?” என்று கேட்டால் பதிலும் வரும். எந்த லேபிளும் தராத தகவல் அது. ரேஷன் கடைத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்பதோடு மோத இவர்கள் யாராலும் முடியாது. அட்டைக்கு ஒரு கிலோ என்பதுதான் குறை.

நெய், குழந்தை உணவு, டீத்தூள் மூன்றையும் நான் மாற்றிப் பார்க்கவில்லை. நெய் விலையுள்ள சரக்கு, கலப்படத்துக்கு வாகானது என்பதால் தயக்கம். டீத்தூளில் காரணம் எதுவுமில்லை, வெறும் பழக்கம்.

புதிதாக மாற்ற நினைப்பவர்கள் பொட்டுக்கடலை, ரவை, கடுகில் தொடங்குங்கள். அடுத்து பாசிப்பருப்பு, துவரம் பருப்பு. பிடித்திருந்தால் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்த மாதம் கடையில் நின்று ஒப்பிடுங்கள். உளுந்தைக் கடைசியாக, அரைக் கிலோவில், வீட்டுக்கு விருந்தாளி வராத வாரமாகப் பார்த்து மாற்றுங்கள்.