புதுச்சேரியில் பிரெஞ்சு உணவு: எங்கே தொடங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை மஞ்சள் சுவர்களின் முன் நின்று படமெடுத்து அறிவதைவிட, சாப்பிட்டு அறிவதே மேல். புஸ்ஸி வீதியிலுள்ள 'பேக்கர் ஸ்ட்ரீட்' என்ற பேக்கரியில் காலையிலேயே தொடங்குவது நல்லது. மாவும் வெண்ணெயும் மடிப்பு மேல் மடிப்பாகச் சேர்ந்து உருவாகும் குரோசான்ட் என்ற பிரெஞ்சு பேக்கரிப் பண்டம், அடுப்பில் வெண்ணெயின் நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிப்பதால்தான் உப்புகிறது. கடலோர வெப்பத்தில் அந்த வெண்ணெய் முன்கூட்டியே உருகாமல் காப்பது எளிய வேலையன்று. இங்கே மேலடுக்கு கைபட்டதும் உதிர்கிறது, உட்புறமோ மென்மை குறையாமல் இருக்கிறது. மாலையில் வாங்கினால் ஈரக்காற்று அந்த மொறுமொறுப்பைப் பறித்துவிடும்.

வெள்ளை நகரம் எனப்படும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் முற்றத்து உணவகங்களில் கட்டடத்தின் அழகுக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். அப்படியொன்றில் எனக்கு வந்த வெங்காய சூப்பில், பொறுமையாக வதக்கிய வெங்காயத்தின் இனிப்புக்குப் பதிலாகச் சர்க்கரையின் இனிப்பே தெரிந்தது. ஒயினைப் பொறுத்தவரை, இறக்குமதி வரி ஏற்றிய பிரெஞ்சு புட்டியைவிட மகாராஷ்டிராவின் நாசிக்கில் தயாராகும் ஒயினே பணத்துக்கு நியாயம் செய்யும்.

என் பரிந்துரை, கிறிஸ்துமஸ் காலத்தில் கிடைக்கும் விவிக்கம் கேக். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய உலர்பழங்கள் ஆகியவை சேரும் இந்தக் கேக்கைப் பாரிஸில் தேடினால் கிடைக்காது. இது புதுச்சேரிக் குடும்பங்களின் சமையலறைகளில் வளர்ந்த பண்டம்.