மடக்குப் பல்லாங்குழி: ஆறு சோழி குறைவு

நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்புக்காகச் சென்ற ஆடியில் இணையத்தில் ஒரு மரப் பல்லாங்குழி வாங்கினேன். விலை 640 ரூபாய். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். எட்டு வயது விரல்கள் தடங்கலில்லாமல் அள்ளும் ஆழம். மடித்தால் ஓரடி ஸ்கேல் நீளம்தான், கைப்பையில் அடங்கிவிடுகிறது. குழிக்கு ஐந்து வைத்தால் 70 சோழி வேண்டும், வந்தவை 64. கீலில் ஓர் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது, அரம் போட்டுத் தேய்த்தேன்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்ட பகல்களில் ஆச்சியின் பலகையில் சீதைப் பாண்டி ஆடுவேன். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்பார்கள். எதிராளி வேண்டாம், காயை ஒளிக்கவும் ஆளில்லை, "ஏமாற்றுகிறாய்" என்று கத்தவும் ஆளில்லை. அதனால் என்ன போயிற்று என்பது டீச்சரான பிறகுதான் தெரிந்தது. ஒரு ரப்பருக்காக இருவர் மல்லுக்கட்டினால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். பிடுங்கி மேசைக்குள் போட்டுவிடுவேன். நான்கு அண்ணன்களோடு வளர்ந்த பக்கத்து வகுப்பு டீச்சரோ நோட்டுத் திருத்துவதைக்கூட நிறுத்த மாட்டார்.

ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் ஒருத்தி தன் பசுவைக் கவனிக்கவில்லை. எதிரே இருந்தவன் அதில் ஐந்தாவதைப் போட்டுவிட்டான். "என் பசு!" என்று குழியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "பார்க்காதவளுக்குப் பசு கிடையாது" என்றான். என் கை பலகைப் பக்கம் போய்விட்டது. கையைப் பின்னுக்கு இழுத்து, சாக்பீஸ் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். முப்பத்தொன்று வருவதற்குள் அவள் ஒரு சோழியை அவனிடம் நீட்டிவிட்டு நான்கை மடியில் போட்டுக்கொண்டாள். இனிமேல் பார்க்காவிட்டால் பசு இல்லை என்று இருவருமே விதியும் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு தோன்றியிருக்காது.

வகுப்பில் இன்னும் சில ஒற்றைப் பிள்ளைகள் உண்டு. எதிராளி யோசிக்கும் நேரத்தில் அவன் காய்களையும் தாங்களே அள்ளப் போவார்கள். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன்.

பலகைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். மீதிச் சோழி கேட்டு எழுதியும் கடையிலிருந்து பதில் இல்லை. ஆறு புளியங்கொட்டை சேர்த்து ஆடுகிறோம். இப்போது அந்த ஆறுக்குத்தான் சண்டை.